மலைநாட்டு மழையும் நகரக் கழிவுநீரும்

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், வட்டவளையிலிருந்து அட்டன் வரையுள்ள தேயிலை மலைகளிற் கதிரவன் முகத்தைக் காண்பது அரிது. நாவலப்பிட்டியை விட்டு மேலேறும் புகையிரதத்தில் வருவோர் கலபொடையைத் தாண்டுமுன்னரே சாளரங்களை அடைத்துவிடுவர். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளை, இலங்கையில் மிகுதியாக மழை பொழியும் இடங்களுள் ஒன்று. மலைத்தொடரின் மறுபுறம் உயர்ந்து கிடக்கும் நுவரெலியாவில் அவ்வளவு இல்லை. அங்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1,900 மில்லிமீற்றர்.

மழையைப் பற்றிப் பேசாதவர் மலைநாட்டில் இல்லை. கொழுந்து தளிர்ப்பதும் மழையால்; வேலை நின்றுபோவதும் மழையால்; மண் சரிவதும் மழையால். ஆயினும், மழை கொட்டுகின்ற அந்த நாளில் ஒரு நகரத்தின் மலசலகூட நீரும், குளிப்பறை நீரும், சமையலறை நீரும் என்னவாகின்றன என்று கேட்போர் மிகச் சிலரே. வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது பலருடைய எண்ணம். அடித்துக்கொண்டு போவது உண்மைதான். எங்கே போகிறது என்பதே கேள்வி.

அட்டன் நகரம் இரண்டு பெரிய ஆறுகளின் நீர்ப்பிடிப்புகள் சந்திக்கும் மேட்டில் அமைந்தது. அட்டன் ஓயா மகாவலியை நாடிச் செல்கின்றது. டிக்கோயாப் பக்கத்து நீரோ காசல்ரீ நீர்த்தேக்கத்திற் சேர்ந்து, கெகல்கமு ஓயாவாகி, மஸ்கெலியா ஓயாவோடு கூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றது. அந்தக் களனியிலிருந்துதான் அம்பத்தலையில் நீரெடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மக்களுக்கு வழங்குகின்றனர். நுவரெலியாவின் கதையும் இத்தகையதே. ஆளுநர் சேர் வில்லியம் கிரகெரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கிரகெரி வாவி, நகரத்துச் சரிவுகளில் ஓடிவரும் நீரையும் மரக்கறித் தோட்டங்களின் வண்டலையும் ஏற்றுக்கொள்கின்றது. அங்கிருந்து வழியும் நீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவை அடைந்து, பின்னர் மகாவலியிற் கலந்து, கம்பளையையும் பேராதனையையும் கடந்து கண்டிக்கு வருகின்றது. கண்டி மக்கள் கட்டுகஸ்தோட்டையில் எடுத்துக் குடிப்பது அந்த நீரைத்தான். ஆகவே அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு குழி வழிந்தால், அது அந்த ஊரோடு முடிகின்ற காரியம் அன்று.

இலங்கை மக்களுள், குழாய்வழிக் கழிவுநீர்த் திட்டத்தோடு இணைக்கப்பட்ட வீடுகளில் வாழ்வோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே. ஏனையோர் வீட்டுக் குழிகளை நம்பியிருக்கின்றனர். கொழும்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இட்ட குழாய்களில் வரும் நகரத்தின் கழிவு, முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நெடுந்தூரம் கொண்டுசென்று விடப்படுகின்றது. கடல் இல்லாத மலைநாட்டுக்கு அந்த வழி கிடையாது. சுத்திகரித்து ஆற்றில் விடுவதைத் தவிர வேறு உபாயம் இல்லை. கண்டி நகருக்கென 2010ஆம் ஆண்டில் யப்பான் நாட்டின் கடனுதவி பெற்று, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கன்னொறுவையில் மகாவலிக் கரையோரமாக ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தது. அதற்கு முன்னர் நகரத்தின் கழிவிற் பெரும்பகுதி மெத எல என்னும் கால்வாய் வழியாக மகாவலிக்குப் போய்க்கொண்டிருந்தது. மலைநாட்டின் ஏனைய நகரங்களும் இத்தகைய நிலையங்களை நாடும் காலம் வரும், வரவேண்டும். அப்போது அவற்றின் முதற் பகை மழையாகவே இருக்கும்.

மழை எப்படிப் பகையாகும்? நீர் கூடினால் அழுக்குக் கரைந்து குறையத்தானே வேண்டும் என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் பிழையென்பதை அறிய, சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்யும் விதத்தைச் சற்று அறிதல் வேண்டும்.

குழாய் வழியே வந்துசேரும் கழிவுநீர் முதலிற் கம்பித் தட்டிகளுக்கூடாகச் செல்லும். கந்தல், இலை, பொலித்தீன் என்பன அங்கே தங்கிவிடும். அடுத்து ஒரு தொட்டியிலே மணல் படியும். அதன்பின் நீர் காற்றூட்டும் தாங்கியை அடைகின்றது. நிலையத்தின் உயிர் இருப்பது இங்கேதான். கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் கோடி கோடியாக அந்தத் தாங்கியில் வாழ்கின்றன. கீழிருந்து ஊதப்படும் காற்றைச் சுவாசித்துக் கழிவை உண்டு பெருகுகின்றன. உண்டு கொழுத்த அந்தக் கூட்டம் பழுப்பு நிறச் சேறாகத் திரள்கின்றது. பின்னர் அமைதியான ஓர் இறுதித் தாங்கியில் சேறு அடியிற் படிய, தெளிந்த நீர் மேலாக வழிந்து ஆற்றுக்குப் போகின்றது. படிந்த சேற்றில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்து, புதிதாக வரும் கழிவுநீரோடு கலப்பர். நேற்றைய தயிரிற் சிறிது எடுத்து இன்றைய பாலுக்கு உறையிடும் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்தைச் சேர்ந்த ஆர்டன், லொக்கெற் என்னும் இருவர் 1914ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த முறை இது. உலக நகரங்கள் பலவும் இன்றும் இதன் வழிவந்த முறைகளையே கையாளுகின்றன.

இறுதித் தாங்கியிலே சேறு படிவதற்கு அமைதி வேண்டும், நேரமும் வேண்டும். பெருமழை பெய்து, வழமையாக வரும் நீரைப்போல நான்கு மடங்கோ ஐந்து மடங்கோ பாய்ந்து வந்தால் இரண்டும் இல்லாமற் போகின்றன. படிந்திருந்த சேறு மெல்ல மெல்ல மேலெழும்பி, விளிம்பைத் தாண்டி ஆற்றிலே கொட்டிவிடும். அன்றைய அழுக்கு ஆற்றுக்குப் போவது ஒரு கேடு; உறை முழுவதும் கழுவுண்டு போவது அதனினும் பெரிய கேடு. மழை ஓய்ந்து வானம் வெளுத்த பின்னரும், பற்றீரியாக் கூட்டம் மீண்டும் பெருகும்வரை பல நாட்களுக்கு, சில வேளைகளில் வாரக்கணக்கில், அரைகுறையாகச் சுத்தமான நீரே வெளியேறும். நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊரில் அந்தக் கூட்டம் பெருகுவதற்கு மேலும் நாட்செல்லும். பற்றீரியாக்களும் குளிரிற் சோம்பி இருப்பவையே. ஒருநாள் மழையின் கணக்கு இவ்வாறு ஒருமாதக் கணக்காகி விடுகின்றது.

இனி, இந்த மழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் எப்படி வருகின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். மழைநீருக்கு வேறு கான், கழிவுநீருக்கு வேறு குழாய் என்று பிரித்தமைப்பதே இலங்கையின் முறை. முறைப்படி பார்த்தால் மழை பெய்யும்போது கழிவுநீர் நிலையத்துக்கு ஒரு துளியும் கூடுதலாக வரலாகாது. ஆனால் வருகின்றது. வெடித்த குழாய்ப் பொருத்துகள் வழியாக நிலத்தடி நீர் கசிகின்றது. ஆளிறங்கு குழிகளின் மூடிகள் உடைந்தோ களவு போயோ கிடக்க, வீதி வெள்ளம் அவற்றுக்குள் விழுகின்றது. இவை எல்லாவற்றையும் விட எளிதாக நடப்பது ஒன்றுண்டு. முற்றத்தில் நீர் தேங்குகிறதே என்று வீட்டுக்காரர் கூரைப் பீலியின் குழாயைக் கழிவுநீர்க் குழாயிலே கொண்டுபோய்ச் செருகிவிடுகின்றார். ஒரு மேசனுக்கு அரைநாள் வேலை. வெளியே யாருக்கும் தெரியாது.

அந்த அரைநாள் வேலையின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். வீட்டின் கூரை 50 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 540 சதுர அடி என்று கொள்வோம். வானிலை அறிக்கைகளில் அடிக்கடி கேட்கும் 100 மில்லிமீற்றர் மழை ஒருநாளிற் பெய்தால், அந்தக் கூரையிலிருந்து விழும் நீர் 5,000 லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பம், ஆளுக்கு 120 லீற்றர் வீதம் ஒருநாளில் வெளியேற்றும் கழிவுநீர் 600 லீற்றர். ஆகவே, பீலியைத் தவறாகத் திருப்பிய ஒரு வீடு, அன்று எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கழிவுநீரைத் தனித்து நின்று அனுப்புகின்றது. ஆயிரம் வீடுகள் உள்ள நகரில் நூறு வீட்டார் இப்படிச் செய்தாற் போதும், நிலையத்துக்கு வரும் நீர் ஏறக்குறைய இருமடங்காகிவிடும். ஒருநாள் மழையிற் பாதி ஒரே மணித்தியாலத்திற் கொட்டுவது மலைநாட்டில் அதிசயம் அன்று. அந்த மணித்தியாலத்திலே நிலையம் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

அத்தகைய நேரத்தில் நிலையத்தைக் காக்கும் பொறுப்பாளர்கள் கைகட்டி நிற்பதில்லை. மழை அறிவிப்புக் கிடைத்ததும் தட்டிகளைத் துப்புரவாக்கி, மணற்றொட்டியை வெறுமையாக்கி வைப்பர். முதல் மழை குழாய்களின் அடியிற் கிடந்த வண்டலையெல்லாம் திரட்டிக்கொண்டு வருமாதலால், அந்த முதல் வெள்ளமே மிகவும் அழுக்கானது. அதைப் புயல்நீர்த் தாங்கிக்குத் திருப்பிவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக எடுத்துச் சுத்திகரிப்பர். பற்றீரியாச் சேற்றைக் காப்பாற்ற ஒரு நுட்பமும் உண்டு. வரும் நீரைக் காற்றூட்டும் தாங்கியின் தலைப்பிலே விடாமல் அதன் கடைப்பகுதியில் விடுவர். அப்போது தலைப்பகுதியிலுள்ள சேறு வெள்ளத்தின் பாதையிலிருந்து ஒதுங்கி நிற்கும். மழை ஓய்ந்ததும் வேலைக்குத் திரும்பும். சில நிலையங்களிற் காற்றைச் சிறிது நேரம் நிறுத்தி, சேற்றை அந்தத் தாங்கியிலேயே படியவிடுவதும் உண்டு. ஆனால் நெடுநேரம் நிறுத்தினால் மூச்சின்றிப் பற்றீரியாக்கள் மடியும். மின்சாரம் அறுவதும் மழைநாளில்தான். டீசல் மின்பிறப்பாக்கி ஆயத்தமாக இல்லாத நிலையம் அந்த இரவில் வெறும் குட்டைக்குச் சமம்.

எவ்வளவு வெள்ளத்துக்கு ஆயத்தமாக இருப்பது? 1898ஆம் ஆண்டு முதல் 1915ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் இயங்கிய கழிவுநீர் பற்றிய அரச ஆணைக்குழுவின் வழியாக ஒரு வழமை வளர்ந்தது. மழையற்ற நாளில் வரும் நீரைப்போல மூன்று மடங்கு வரையில் முழுச் சுத்திகரிப்பு. அதற்கு மேல் ஆறு மடங்கு வரை வருவதைப் புயல்நீர்த் தாங்கிகளில் தேக்குவது. மழைநீரையும் கழிவுநீரையும் ஒரே குழாயிற் கொண்டுசெல்லும் அந்நாட்டு நகரங்களுக்கு அது ஏற்றதே. ஆயினும் அங்கும் அது போதவில்லை. 1858ஆம் ஆண்டின் பெருநாற்றத்துக்குப் பிறகு பசல்கெற் என்னும் பொறியியலாளர் இலண்டனில் அமைத்த மாபெரும் குழாய்கள், சிறு மழைக்கும் தேம்ஸ் நதியில் வழியும் நிலையை அடைந்தன. அந்த வழிவை ஏந்துவதற்காக நதியின் கீழே 25 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் ஒன்று வெட்டப்பட்டு, 2025ஆம் ஆண்டில் முழுமையாக இணைக்கப்பட்டது. அதற்கான செலவு கோடிகளால் அன்றி, பல நூறு கோடி பவுண்களால் எண்ணப்படுவது.

இலண்டனின் தூறலுக்கே அது என்றால் வட்டவளை மழைக்கு எத்தனை சுரங்கம் வெட்டுவது? மலைநாட்டுக்குத் தாங்கிகளைப் பெருக்குவது வழியாகாது. மழைநீரைக் குழாய்க்கு வெளியே நிறுத்துவதே வழி. இது தெரியாதது அன்று. ஆனால் தாங்கிக்குத் திறப்பு விழா உண்டு, ஆளிறங்கு குழியின் மூடிக்குத் திறப்பு விழா கிடையாது. நகரசபைகளின் வரவுசெலவுத் திட்டத்தில் மூடி கடைசி வரிசைக்குப் போய்விடுவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

நீரை வழிபிரித்து நடத்தும் கலை மலைநாட்டுக்குப் புதியது அன்று. தேயிலை மலையிற் கான் வெட்டுவது என்பது தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. சரிவுக்குக் குறுக்கே சிறு கான்கள். அவை சென்று சேரும் பெருங்கான். இடையிடையே வண்டல் தங்கும் குழிகள். மண்ணை அரிக்காத அளவுக்கு மட்டும் சாய்வு. கானில் மண் விழுந்தால் அதை அள்ளுவது அடுத்த மழைக்கு முந்திய வேலை. மலையின் மண் இன்னும் மலையிலேயே நிற்கிறதென்றால் அதற்கு அந்த மண்வெட்டிகளே காரணம். தேயிலைச் செடிக்குச் செய்த இந்த ஏற்பாட்டை அதை வளர்த்த மனிதரின் வாசலுக்குச் செய்ய நிர்வாகங்கள் முற்படவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

பழைய லயன் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் பன்னிரண்டு வரிசையாக, ஒரே தகரக் கூரையின் கீழே. இறவாரத்தோடு சேர்த்துக் கூரை ஏறக்குறைய 200 சதுர மீற்றர். மேற்சொன்ன 100 மில்லிமீற்றர் மழைக்கு அதிலிருந்து விழுவது 20,000 லீற்றர். அத்தனையும் விழுவது வாசற்கானில். பாத்திரம் கழுவிய நீரும் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய நீரும் போவதும் அதே கானில். மலசலகூடக் குழி அதற்கு அருகிலிருந்து, மழையில் நிரம்பி வழிந்தால் அதுவும் அங்கேதான். மேட்டு லயத்தின் கான் பணிய லயத்தை நோக்கி இறங்குகின்றது. பணிய லயத்து மக்கள் குடிக்க நீர்பிடிக்கும் பீலி அந்தச் சரிவிலே இருக்கின்றது. நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வயிற்றோட்டமும் எவர் வீட்டுக்கு முதலில் வருகின்றன என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்தப் பாடம் தோட்டங்களில் முன்பே ஒருமுறை படிக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு, தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்து கொடுத்ததும் புழு விழுந்தது. தொழிலாளர் வெறுங்காலோடு மீண்டும் அதே மண்ணை மிதித்ததும் புழு திரும்பி வந்தது. மலசலகூடம் இன்றி மருந்தினாற் பயனில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. மலசலகூடங்கள் பிறகு வந்தன, தாமதமாகவும் குறையாகவும். கட்டிய மலசலகூடம் மழைநாளிலும் மலசலகூடமாக இருக்கவேண்டும் என்னும் அடுத்த படி பல தோட்டங்களில் இன்னும் ஏறப்படவில்லை.

குழாய் வசதி இல்லாத வீடுகளுக்கும் விதி ஒன்றே. கூரை நீரைக் குழிக்குள் விட்டால், அடியிற் படிந்திருந்த மலம் கலங்கி வெளியே தள்ளப்படும்; அதை உறிஞ்சவேண்டிய மண்ணோ ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருக்கும். சரிவான நிலத்தில் அப்படிக் கசியும் நீர் மண்சரிவுக்கும் துணைபோகும். மழைநாளை எதிர்பார்த்திருந்து குழியைக் கானிற் திறந்துவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பவுசர் வண்டிக்குக் கொடுக்கும் பணம் மிச்சம் என்பது அதன் நியாயம். அந்தப் பணத்தைக் கீழேயுள்ளவர் வைத்தியசாலையிற் செலுத்துகின்றார்.

மலைச்சரிவு பொறியியலாளருக்கு நன்மையும் தருகின்றது, தீமையும் தருகின்றது. நீர் தானாக இறங்குவதால் பம்பிகள் குறைவாகவே வேண்டும். ஆனால் மேலே நுழைந்த மழைநீர் அனைத்தும் அடிவாரத்திலுள்ள கடைசி ஆளிறங்கு குழியில் முட்டி, மூடியைத் தூக்கிக்கொண்டு எழும்பும். தாழ்ந்த வீட்டின் மலசலகூடத்துக்குள்ளே பின்னோக்கி ஏறும். அத்தகைய வீடுகளின் இணைப்பில் ஒருவழி வால்வு பொருத்துவது அவசியம். நிலையமோ ஆற்றங்கரையிலே, பள்ளத்திலே அமைகின்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளி நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகளைச் சரித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபோது, வீதியும் மின்சாரமும் குடிநீர்க் குழாயும் ஒருங்கே அறுந்தன. அத்தகைய ஊழிமழைக்கு எந்த நிலையமும் முழுமையாக ஈடுகொடுக்காது. அதைக் காட்டி ஆண்டுதோறும் பெய்யும் ஆனி ஆடி மழைக்கும் கைவிரிப்பது மட்டும் பொருந்தாது. அந்த மழைக்கு ஈடுகொடுக்க முடியும்.

அதற்கான சோதனைகள் எளியவை, செலவும் குறைந்தவை. மழையற்ற நாளில், ஊரெல்லாம் உறங்கும் அதிகாலை இரண்டு மணிக்கு ஆளிறங்கு குழியைத் திறந்து பார்ப்பது ஒன்று. அந்நேரத்தில் குழாயில் நீர் சிறு இழையாகவே ஓடவேண்டும். தடித்துத் தெளிவாக ஓடினால் எங்கோ நிலத்தடி நீர் புகுகின்றது என்று பொருள். மற்றொன்று புகைச் சோதனை. வீட்டாருக்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு, குழாயின் ஒரு பகுதியை இருபுறமும் அடைத்துத் தீங்கற்ற வெண்புகையை உள்ளே ஊதுவர். குழாய் செம்மையாக இருந்தால் புகை, கூரைக்கு மேல் நிற்கும் காற்றுக்குழாய் வழியாக மட்டும் வெளிவரும். வெடிப்பு இருந்தால் வீதியிற் புல்லுக்கு நடுவே கிளம்பும். பீலியைத் தவறாக இணைத்த வீட்டில், இறவாரத்தின் நீளத்துக்குப் பீலியிலிருந்து வெண்புகை எழும். தெருவில் நிற்பவர் எல்லோரும் காண்பர். அன்று மாலையே அந்த வீட்டுக்கு நகரசபையின் அறிவித்தல் போகும். மேசன் மறுபடியும் அரைநாள் வேலை செய்து, பீலியைக் கானுக்குத் திருப்பிவிடுவார்.